வரிசையை எங்கே ஒளித்துவைப்பது? டிஸ்னி வேர்ல்டின் கைப்பட்டைத் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பூங்கா என்று சொன்னால் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். ஏறத்தாழ 40 சதுர மைல் நிலம். அதற்குள் நான்கு கேளிக்கைப் பூங்காக்கள், இரண்டு நீர்ப்பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள், சொந்தப் பேருந்துகள், மோனோரயில், 2019 முதல் ஆகாயத்தில் கம்பிவட வண்டி. ஒரு நகரத்துக்கு உள்ள தொல்லைகள் எல்லாம் இதற்கும் உண்டு. இந்த நகரத்தில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது மட்டும் கூடுதல் சுமை.

2008 வாக்கில் முகங்கள் சுளிக்கத் தொடங்கியிருந்தன. கூட்டம் குறையவில்லை, ஆனால் 'மறுபடி வருவீர்களா' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் நிர்வாகத்தைக் கலங்கடித்தது. பின்னாளில் வெளியான பத்திரிகைச் செய்திகளின்படி, முதல் தடவை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் திரும்பி வருவதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நீண்ட வரிசை, கூடிக்கொண்டே போகும் செலவு, அங்கங்கே சிறுசிறு எரிச்சல்கள் என்று காரணங்கள் வந்தன. இதற்கு டிஸ்னி கொடுத்த விடைதான் 'மை மேஜிக் பிளஸ்' என்ற திட்டம். செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர். 2013 ஜனவரியில் அறிவித்தார்கள். விருந்தினர் கண்ணுக்குத் தெரிந்த பகுதி, மணிக்கட்டில் கட்டும் ஒரு ரப்பர் பட்டை: மேஜிக் பேண்ட்.

இந்தத் திட்டத்தை வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு, பணத்தைக் கொட்டிய வீண்வேலை என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டுமே பாதி சரி. பட்டை தொட்ட வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். கதவு, வாசல், பணம், சாப்பாடு போன்ற உரசல்களைக் குறைத்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. ரைடு என்னும் கேளிக்கைச் சவாரிகளின் வரிசையைக் குறைக்கப் போன இடத்தில் வரிசை இடம் மாறியது, அவ்வளவுதான்.

பட்டைக்கு முந்தைய ஏற்பாடுகள்

டிஸ்னியின் விருந்தோம்பல் 2013இல் பிறந்ததல்ல. நான்கு பூங்காக்களில் ஒன்றான, 1971 அக்டோபர் 1 அன்று திறந்த மேஜிக் கிங்டமின் அடியில் சுரங்கப்பாதை வலை ஒன்று ஓடுகிறது. அங்கே நிலத்தடி நீர்மட்டம் மேலாக இருப்பதால் தோண்ட முடியவில்லை. அதனால் பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டு மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். விருந்தினர் நடப்பது உண்மையில் இரண்டாவது தளத்தில். குப்பை, சரக்கு, வேஷம் மாற்றும் நடிகர்கள் எல்லாம் கீழே போய்விடுவதால், மேலே ஒரு காட்சிக்குரிய ஆள் இன்னொரு காட்சியைக் கெடுக்க மாட்டார்.

ஊழியர்களுக்கு நான்கு முன்னுரிமைகள், வரிசைக்கிரமமாக: பாதுகாப்பு, மரியாதை, காட்சி, வேகம். இரண்டு மோதினால் முன்னால் இருப்பதுதான் ஜெயிக்கும். பிற்பாடு 'எல்லாரையும் உள்ளடக்குதல்' என்று ஐந்தாவதைச் சேர்த்தார்கள். வேகம் கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு முதியவர் ரைடு வண்டியில் ஏறத் திணறினால், மணிக்கு இத்தனை பேர் என்ற கணக்கு அவருக்காக நின்றுதான் ஆக வேண்டும். பல நிறுவனங்களில் மதிப்புகள் சுவரில் தொங்கும். எது முதலில் என்று மட்டும் சொல்லியிருக்காது. இங்கே சொல்லியிருப்பதால்தான் ஒரு பத்தொன்பது வயது ஊழியர் மேலாளரைக் கேட்காமலே முடிவெடுக்க முடிகிறது.

வரிசைக்கு ஏற்கெனவே இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று, 1999இல் வந்த காகித ஃபாஸ்ட்பாஸ். ரைடு வாசலில் இருக்கும் இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், 'இன்ன மணிக்கும் இன்ன மணிக்கும் நடுவில் வா' என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்நேரம் போனால் துரித வரிசை. இலவசம்தான். ஆனால் குடும்பத்தில் வேகமாக நடக்கத் தெரிந்த ஒருவர் எல்லாருடைய சீட்டுகளையும் சுருட்டிக்கொண்டு பூங்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவார். பெரும்பாலும் அப்பா. மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பைக் குறைக்கும் சீட்டுக்காகக் காத்திருப்பு!

இன்னொன்று 2010இல் வெளியே தெரிந்தது. மேஜிக் கிங்டமின் கோட்டைக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டு அறை. திரைகளில் ஒவ்வொரு ரைடின் காத்திருப்பு நேரமும் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஓடும். ஒரு ரைடு மஞ்சளுக்குப் போனால் அங்கிருந்து தகவல் பறக்கும்: இன்னும் சில படகுகளை இறக்கு, வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு கதாபாத்திரத்தை அனுப்பு, கூட்டம் குறைந்த பக்கமாக ஒரு குட்டி ஊர்வலத்தைக் கிளப்பி ஆட்களை இழு, சாப்பாட்டுக் கடையில் இன்னொரு பில் கவுண்டரைத் திற. அப்போது வந்த செய்திகளின்படி, ஒரு விருந்தினர் சராசரியாக ஒரு நாளில் 9 ரைடு ஏறிக்கொண்டிருந்தது இத்தகைய நடவடிக்கைகளால் 10 ஆனது.

ஒன்று கூடியதுதானே என்று தோன்றும். ஆனால் இது உண்மையான ஒன்று. கூடுதல் படகு இறக்கினால் மணிக்குக் கூடுதல் ஆள் ஏறுவார்கள். காலியாக ஓடும் ரைடுக்கு ஆளைத் திருப்பினால் வீணாகும் இருக்கை நிரம்பும். செலவழித்த காசுக்கு இதைவிட நல்ல பலன் இந்த ஆய்வு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

பட்டை செய்த நல்ல வேலைகள்

பட்டைக்குள் இரண்டு வானொலிக் கருவிகள் இருந்தன. ஒன்று, தொட்டால் மட்டும் பேசும் கிட்டத்துச் சிப். மற்றது, சில மீட்டர் தூரத்திலிருந்தே இன்னார் வருகிறார் என்று சொல்லக்கூடிய, பேட்டரியில் ஓடும் அலைபரப்பி. முதலாவது அறைச் சாவி, நுழைவுச்சீட்டு, கடன் அட்டை, துரித வரிசைச் சீட்டு, புகைப்பட அட்டை எல்லாவற்றுக்கும் பதிலாக நின்றது. இதற்காக ஏறத்தாழ 28,000 அறைக் கதவுகளின் பூட்டுகளை மாற்றினார்கள். நாற்பது சதுர மைலுக்குள் வைஃபை இழுத்ததே தனிக்கதை.

விடுதியில் முன்பதிவு செய்தவர்களுக்குப் பட்டை வீட்டுக்கே பெட்டியில் வரும், உள்ளே ஒவ்வொருவர் பெயரோடும். நிறத்தை அவரவரே தேர்ந்தெடுத்திருப்பார்கள். பயணத்துக்குச் சில வாரம் முன்பே குழந்தை அதைக் கட்டிக்கொண்டு திரியும். 2005இல் தொடங்கிய இலவச விமான நிலையப் பேருந்தும் இதோடு சேர்ந்துகொண்டது. பெட்டியில் ஒட்ட வேண்டிய மஞ்சள் சீட்டு முன்கூட்டியே வந்துவிடும். விமானத்தில் போட்ட பெட்டி, இடையில் விருந்தினர் தொடாமலே, விடுதி அறைக்குப் போய்ச் சேரும். வந்திறங்கியதும் பெட்டி வளையத்தருகே நிற்கிற அந்த முக்கால் மணி நேரம் இல்லாமல் போனது. விடுமுறையின் முதல் மணி நேரம் எப்படி இருக்கிறது என்பது முழு வாரத்தின் மனநிலையைத் தீர்மானிக்கும் என்று விடுதித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மணி நேரத்தைப் பிடித்தது கெட்டிக்காரத்தனம்.

வாசலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முன்பு சுழல்தடுப்பு இருந்தது. இரும்புக் கம்பியை இடுப்பால் தள்ளி ஒவ்வொருவராக நுழைய வேண்டும். இரட்டைக் குழந்தை வண்டி தள்ளி வரும் அம்மா, சக்கர நாற்காலியில் வருபவர், தோளில் தூங்கும் பிள்ளையோடு வருபவர் எல்லாருக்கும் அது ஒரு சிறு அவமானம். திட்டத்தில் சுழல்தடுப்பைப் பிடுங்கிவிட்டு, இடுப்புயரத் தூண்களை நட்டார்கள். தூணின் தலையில் மிக்கி வட்டம். பட்டையை வைத்து, விரலையும் வைத்தால், விளக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சையாகும், ஓர் ஓசை வரும், உள்ளே போகலாம். ஏதாவது சரியில்லை என்றால்? சிவப்பு எரியாது, நீலம் எரியும். நீலம் என்றால் ஊழியர் ஒருவர் வந்து பார்ப்பார் என்று பொருள். பின்னால் ஐம்பது பேர் நிற்க, பிள்ளைகள் முன்னால் ஒருவரைச் 'செல்லாது' என்று ஓர் இயந்திரம் சொல்லிவிடக் கூடாது. இந்த ஒரு நிறத்துக்குப் பின்னால் இருக்கும் யோசனை, திட்டத்தின் பல கோடி டாலர் பாகங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாசலில் ஒருவருக்கு ஆகும் நேரம் 30 சதவிகிதம் குறைந்ததாக நிர்வாகம் சொன்னது. 2013 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மேஜிக் கிங்டமில் நாளுக்குக் கூடுதலாக 3,000 பேரை உள்ளே விட முடிந்ததாகவும் முதலீட்டாளர்களிடம் கூறினார்கள். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். முதலீட்டாளருக்கு அது நற்செய்தி. ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் இன்னும் 3,000 பேர்.

தூரத்திலிருந்து பேசும் அலைபரப்பியை அதிகம் பயன்படுத்தவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நன்றாகப் பயன்பட்ட இடம் ஒரு சாப்பாட்டுக்கூடம். மேஜிக் கிங்டமின் புதிய ஃபேண்டஸிலேண்டில் 2012 கடைசியில் திறந்த 'பி அவர் கெஸ்ட்'. அப்போது மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுத்துவிடலாம். வாசலில் பெயரைச் சொல்லி வரவேற்பார்கள். எந்த மேசை வேண்டுமானாலும் உட்காரலாம். மேசையும் கூரையும் பட்டையின் அலையைப் பிடித்து, இன்ன குடும்பம் இன்ன இடத்தில் என்று சமையலறைக்குச் சொல்லிவிடும். சற்று நேரத்தில் தள்ளுவண்டியில், கேட்ட தட்டுகள் கேட்டவர் முன்னால் வந்து நிற்கும். தட்டேந்தி, காலி மேசை தேடி, பிள்ளைகளைத் தொலைத்துக் கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடம் மறைந்தது. பிள்ளைகளுக்கு அது மாயம். பெரியவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட முடிந்ததே மாயம்தான்.

குழந்தைகளின் நடமாட்டத்தைப் பதிவுசெய்வது பற்றிக் கேள்வியும் எழுந்தது. 2013 ஜனவரியிலேயே அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கி விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்; தலைமை நிர்வாகி பாப் ஐகர் காரமாகவே பதில் எழுதினார். பட்டை வேண்டாதவர்கள் அட்டையைப் பயன்படுத்தலாம் என்ற வழி இருந்தது. விருந்தினர் பெரும்பாலோர் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

கணக்கு இடிக்கும் இடம்

இப்போது வரிசைக்கு வருவோம். காகிதச் சீட்டுக்குப் பதில் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் வந்தது. விடுதியில் தங்குபவர்கள் 60 நாள் முன்பே, மற்றவர்கள் 30 நாள் முன்பே, செயலியில் நாளுக்கு மூன்று ரைடுகளுக்கு நேரம் குறித்துவைக்கலாம். ஓட வேண்டாம், சீட்டைச் சுருட்ட வேண்டாம். இலவசம் வேறு. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு கற்பனை ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1,200 பேரை ஏற்றும். துரித வரிசையே இல்லை, சாதா வரிசையில் 150 பேர் நிற்கிறார்கள் என்றால், கடைசியில் நிற்பவர் ஏழரை நிமிடத்தில் ஏறிவிடுவார். இப்போது 1,200 இருக்கைகளில் 900ஐத் துரித வரிசைக்கு ஒதுக்குங்கள். சாதா வரிசைக்கு மணிக்கு 300தான். அதே 150 பேர், அதே இடம். காத்திருப்பு அரை மணி நேரம். வாசலில் எட்டிப் பார்ப்பவருக்குச் சின்ன வரிசையாகத் தெரியும். நம்பி நுழைந்தால் நகரவே நகராது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதைத்தான் சொல்கிறது: வரிசையில் நிற்பவர்கள் எண்ணிக்கை என்பது, வந்துசேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. ரைடின் வேகத்தைக் கூட்டாமல், எத்தனை செயலி எழுதினாலும் இந்தப் பெருக்கல் மாறாது.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. துரிதச் சீட்டு வைத்திருப்பவர் உண்மையில் வரிசையில்தான் இருக்கிறார், உடம்பு மட்டும் அங்கே இல்லை. அந்த உடம்பு எங்கே? கடையில் இருக்கும், சாப்பாட்டுக்கூடத்தில் இருக்கும் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. அங்கே காசு செலவாகும் அல்லவா? ஓரளவு அப்படியும் நடந்தது. ஆனால் பலர் போய் நின்றது இன்னொரு ரைடின் சாதா வரிசையில். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில். பூங்காவில் 40,000 பேர் இருந்தால், வரிசைகளில் அதைவிட அதிகமாகவே 'ஆட்கள்' இருப்பார்கள்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன், ஹான்டட் மேன்ஷன் போன்றவை பெரிய வாய் உள்ள ரைடுகள். மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் விழுங்கும். முன்பெல்லாம் பெரும்பாலான நேரம் நேராக நடந்துபோய் ஏறலாம். எல்லாருக்கும் மூன்று சீட்டு தர வேண்டுமானால் நிறைய இடங்கள் தேவை. ஆகவே இவற்றிலும் துரித வரிசை திறந்தார்கள். தேவையே இல்லாத இடத்தில் சீட்டு கொடுக்கும் வேலை. விளைவு, கேட்டுக் கேள்வி இல்லாமல் ஏறிய ரைடிலும் வரிசை முளைத்தது.

இரண்டு வரிசையும் கூடும் இடத்தில் ஓர் ஊழியர் நிற்பார். இந்தத் தொழிலின் கடினமான நிற்குமிடங்களில் அது ஒன்று. இடது பக்கம் எழுபது நிமிடமாகக் கால் கடுக்க நிற்கும் குடும்பம். வலது பக்கம் இப்போதுதான் வந்த குடும்பம். அவர் வலப் பக்கம் இருபது பேரை விடுகிறார், இடப் பக்கம் ஐந்து பேரை விடுகிறார், மறுபடி வலப் பக்கம் இருபது. இடப் பக்கத்துக் கண்கள் அவர்மேலேயே இருக்கும். டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் மனவியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் சொன்னவை எல்லாம் இங்கே ஒருசேர நடக்கும்: கை சும்மா இருக்கும் காத்திருப்பு நீளும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளும், அநியாயமாகத் தோன்றும் காத்திருப்பும் நீளும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லார்சனும் ஆண்டுக்கணக்காக இதையே சொல்லிவந்தார்: நின்ற நேரத்தைவிட, பின்னால் வந்தவன் முந்திப் போனதுதான் மனதில் தங்கும்.

ஒரு ரைடு பழுதாகி ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் இன்னும் மோசம். அந்த மணி நேரத்துக்குச் சீட்டு வைத்திருந்த எல்லாருக்கும், 'வேறு எங்கேயாவது, எப்போதாவது போங்கள்' என்று மாற்றுச் சீட்டு வந்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கூட்டம் பக்கத்து ரைடின் துரித வரிசையில் எதிர்பாராமல் போய் விழும். அங்கே சாதா வரிசை அப்படியே உறைந்துவிடும்.

இதற்கெல்லாம் மேல், திட்டமிடும் சுமை. அறுபது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10:40க்குத் தன் நான்கு வயதுக் குழந்தைக்கு எந்த ரைடில் ஏறத் தோன்றும் என்று எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? மேசைக்கே வந்து பரிமாறும் உணவகங்களுக்கு அப்போது 180 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அட்டவணை போட்டு, நல்லதை எல்லாம் அள்ளிக்கொண்டார்கள். சும்மா வந்து பார்க்கலாம் என்று வந்தவர்களுக்கு மிச்சம் மீதி. முதல் தடவை வருபவர்கள் திரும்ப வர வேண்டும் என்றுதானே இந்தத் திட்டமே ஆரம்பித்தது? விவரம் தெரியாமல் வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

டம்போ சொன்ன விடை

அதே காலத்தில், அதே பூங்காவில், அதிகச் சத்தமில்லாமல் இன்னொரு சோதனை நடந்தது. பறக்கும் யானை டம்போ சின்னக் குழந்தைகளுக்கான ரைடு. மெதுவாக ஏற்றி, கட்டி, சுற்றி, இறக்குவதால் மணிக்குச் சில நூறு பேரைத்தான் ஏற்ற முடியும். வெயிலில் கம்பித் தடுப்புக்கு நடுவே, சிணுங்கும் குழந்தைகளோடு பெற்றோர்கள் நின்றார்கள். 2012இல் ஃபேண்டஸிலேண்டை விரிவாக்கியபோது இரண்டு காரியம் செய்தார்கள். ரைடை வேறு இடத்துக்கு மாற்றி, பக்கத்திலேயே இன்னொரு டம்போவைக் கட்டினார்கள். ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. ஏற்றும் திறன் நேராக இரட்டிப்பு. அப்புறம், வரிசைக்குப் பதில் குளிரூட்டிய சர்க்கஸ் கூடாரம். அப்போது உள்ளே நுழைந்ததும் ஒரு பேஜர் தந்தார்கள். குழந்தை ஏறிக் குதித்துச் சறுக்கி விளையாடும். பெற்றோர் ஓரமாக உட்காரலாம். முறை வந்ததும் பேஜர் ஒலிக்கும்.

மைஸ்டரின் மூன்று புகாருக்கும் ஒரே அறையில் பதில். கை சும்மா இல்லை. முறை எப்போது என்று பேஜர் சொல்லும். கூடாரத்துக்குள் வந்த வரிசைப்படிதான் அழைப்பு. கூடாரத்துக்குள் இருக்கும் குழந்தையை 'வா, முறை வந்துவிட்டது' என்று அழைத்தால் சில சமயம் வர மறுக்கும். ஒரு வரிசைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இடம் வேண்டும், கட்டுமானச் செலவு ஆகும், எல்லா ரைடையும் இப்படி இரட்டிப்பாக்க முடியாது என்பதெல்லாம் நியாயமான ஆட்சேபணைகள். ஆனால் 100 கோடி டாலரில் எத்தனை டம்போ கட்டலாம் என்ற கேள்வியை அந்த நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2015 தொடக்கத்தில் பீட்டர் பேன்ஸ் ஃபிளைட் ரைடின் வரிசைக்குள், நிழல்களோடு விளையாடும் அறைகளைச் சேர்த்ததும் இதே தடத்தில்தான். ஏற்றும் திறன் கூடவில்லை, நிற்பவரின் பொழுதாவது போனது.

பிறகு நடந்தது

2020 மார்ச்சில் கொரோனா பூங்காக்களை மூடியது. ஜூலையில் கூட்ட வரம்போடு திறந்தபோது துரித வரிசையே இல்லை. சாதா வரிசை மட்டும், எல்லாருக்கும் ஒன்று. வரிசை பார்க்க நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே விட்ட கூட்டமும் குறைவுதான். ஆகவே துரித வரிசையின் மேல் மட்டும் பழி போடக் கூடாது. ஆனாலும் 'இது எவ்வளவோ தேவலை' என்று பலர் சொன்னார்கள்.

அது நீடிக்கவில்லை. 2021 ஆகஸ்டில் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் நிரந்தரமாக முடிந்ததாக அறிவிப்பு. அக்டோபரில் ஜீனி பிளஸ்: அதே துரித வரிசை, இந்தத் தடவை ஆளுக்கு நாளுக்குத் தொடக்கத்தில் 15 டாலர் கொடுத்து. மிகப் பெரிய ரைடுகளுக்குத் தனியாக வேறு கட்டணம். விடுதி விருந்தினருக்கு இலவசப் பட்டை 2021 ஜனவரியோடு நின்றது. விமான நிலையப் பேருந்து 2022 ஜனவரியோடு நின்றது. நன்றாக வேலை செய்த பகுதிகளை வெட்டினார்கள். வரிசையை இடம் மாற்றும் பகுதியை வைத்துக்கொண்டு அதற்கு விலை ஒட்டினார்கள்.

ஜீனி பிளஸில் சீட்டு அன்றன்றைக்குத்தான். நல்ல நேரம் வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு விடுமுறையில் அலாரம் வைத்து எழுந்து, படுக்கையிலிருந்தே திரையைத் தட்ட வேண்டும். அப்புறம் நாள் முழுக்கத் தலை குனிந்தபடி செயலியைப் புதுப்பித்துக்கொண்டே நடக்க வேண்டும். மதியத்துக்குள் போன் பேட்டரி தீர்ந்துவிடும். புகார்கள் குவிந்து, 2024 ஜூலையில் பெயர் 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' ஆனது. மூன்று ரைடுகளை மறுபடி முன்கூட்டியே குறிக்கலாம் என்று வந்தது. விடுதியில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பு, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆண்டு கடைசியில், நேரம் குறிக்காமலே எல்லாத் துரித வரிசைகளிலும் ஒருமுறை நுழைய 'பிரீமியர் பாஸ்'. நெரிசல் நாட்களில் அதன் விலை நுழைவுச்சீட்டையே தாண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாட்டையும் இதே அழுத்தம் பிடித்தது. பழைய உதவி அட்டையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதாகச் செய்திகள் வந்ததால் 2013இல் அதை மாற்றினார்கள். 2024இல் தகுதியை இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முதன்மையாக என்று ஆக்கியதும் எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போனது. துரித வரிசைக்கு விலை என்று ஒன்று வந்துவிட்டால், அதை இலவசமாகப் பெறும் ஒவ்வொருவரும் சந்தேகக் கண்ணுக்கு ஆளாவார்கள். இந்தப் பின்விளைவை 2021இலேயே ஊகித்திருக்கலாம்.

மற்ற இடங்களிலும் இதே பாடு. 2017 மே மாதம் யுனிவர்சல் நிறுவனம் ஆர்லாண்டோவில் வால்கனோ பே என்ற நீர்ப்பூங்காவை, 'வரிசையே இல்லை' என்ற வாக்குறுதியோடு திறந்தது. எல்லாச் சறுக்குகளுக்கும் கைப்பட்டையில் முறை வரும். தொடக்க வாரங்களில் பட்டையில் சில மணி நேரக் காத்திருப்புகள் வந்தன. அந்நேரம் முழுக்க வேறு சறுக்குக்கு முறை பிடிக்கவும் முடியாது. கால் வலிக்கவில்லை, ஆனால் சறுக்கவும் இல்லை. டிஸ்னியோ 2016இல் ஷாங்காயில் பூங்கா திறந்தபோது பட்டையைக் கொண்டுபோகவே இல்லை. எல்லாரிடமும் திறன்பேசி இருந்தது.

இனி

2023 செப்டம்பரில், பூங்காக்களுக்கும் கப்பல்களுக்குமாகப் பத்து ஆண்டுகளில் 6,000 கோடி டாலர் முதலீடு என்று டிஸ்னி அறிவித்தது. மேஜிக் கிங்டமில் 'கார்ஸ்' திரைப்படத்தை வைத்து ஒரு பகுதி, டிஸ்னி படங்களின் வில்லன்களுக்கு ஒரு பகுதி. இந்தத் தடவை பணம் ரைடு கட்டப் போகிறது, மணிக்கு ஏற்றும் எண்ணிக்கை உண்மையிலேயே கூடும். வரவேற்க வேண்டியது.

ஆனால் அதற்காக எதை எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் மேஜிக் கிங்டமின் ஆறும், அதில் சுற்றிவந்த துடுப்புச் சக்கரப் படகும், நடுவில் இருந்த டாம் சாயர் தீவும் மூடப்பட்டன. தீவுக்குத் தெப்பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் வரிசையே கிடையாது. குகைகளில் பிள்ளைகள் ஓடும், மரத்தடியில் நாற்காலி போட்டிருக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மணிக்கு இத்தனை பேர் என்ற பட்டியலில் அதற்கு மதிப்பு குறைவு. நெரிசலான மதியத்தில் வேறு எந்த வரிசையிலும் நிற்காத ஒரு கூட்டத்தை அது தாங்கிக்கொண்டிருந்தது. புதிய பகுதி திறக்கும்வரை அந்தக் கூட்டம் மற்ற வரிசைகளில் நிற்கும். திறந்த பிறகும், உட்கார ஒரு மரத்தடி அங்கே இருக்குமா என்பது ரைடுகளின் எண்ணிக்கையை விட்டு வேறாகக் கேட்க வேண்டிய கேள்வி.